ஒற்றை ஆள் கூடாரமும் நாற்பத்து மூன்றாவது வரியும்

சோலைக்கரையில் நாற்பத்தொரு தலைக்கட்டு இருந்த வருஷத்தில், மார்கழி பதினொன்றாம் தேதி சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, திருச்சிக்காரர் கிளமென்ட் என்பவர் முதுகுப்பையோடு தனியாக மலையேறி வந்து, ஓடைக்கு மேலே உள்ள புல்மேட்டில் ஒரு ஆள் மட்டும் படுக்கிற கூடாரம் ஒன்றை அடித்தார். விலை ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், எடை ஒன்றே முக்கால் கிலோ என்று அவரே சொன்னார். அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன், விட்டார். என் கைக்கு ஒன்பது சாண் நீளம், தலைப்பக்கம் நாலு சாண், கால்பக்கம் மூன்று சாண், நடுவில் உயரம் நாலு சாண். பச்சை நிறத்தில் ஒற்றைத் துணி, உள்ளே மழைக்குப் பூசிய சாம்பல் பூச்சு, இரண்டு வளைகுச்சி, எட்டு முளை, ஒரு ஜிப்.

பாதை ஏறி முடியும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் பூவாயி இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, இதுக்குள்ள மனுஷன் படுக்கிறதா, நாயைக் கட்டுறதா?"

"ஒரு ஆளுக்குத்தாங்கா. ரெண்டு ஆள் டென்ட்டுன்னா விலையும் ரெண்டு மடங்கு, கனமும் ரெண்டு மடங்கு."

"அப்ப தனிக்கட்டை."

"தனிக்கட்டைதான்."

"நானும்தான்" என்று சொல்லி, தன் கம்பளியை எடுத்துவந்து கொடுத்தாள். "மார்கழிப் பனி. காலையில மடிச்சுக் கொண்டாந்து குடுத்துரணும்."

காலையில் கம்பளியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சப்பாத்து ஒரு ஜோடி கூடார வாசலில் இருந்தது. ஜிப்பை நான்தான் திறந்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. கையை விட்டுத் துழாவினோம். விரிப்பில் ஒரு ஆள் படுத்த பள்ளம் இருந்தது, பள்ளம் சூடாக இருந்தது, கூடாரத்தின் துணி தூங்குகிறவன் வயிறு போல மெதுவாக எழுந்து எழுந்து தணிந்தது. பன்னிரண்டாம் தேதி முழுக்க ஓடை, பாறை, பள்ளம் எல்லாம் தேடினோம். பதிமூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, கம்பளியாவது மிஞ்சட்டும் என்று பூவாயி கூடாரத்துக்குள் தவழ்ந்து போனாள். அவளுடைய குதிகால் உள்ளே மறைந்ததும் ஜிப் தானாக மூடிக்கொண்டது, மூடிய அதே மூச்சில் திறந்தது, திறந்த வாய் வழியாகக் கிளமென்ட் தவழ்ந்து வெளியே வந்தார். அவள் தேடிப்போன கம்பளி அவர் தோளில் கிடந்தது. உள்ளே பார்த்தால் பூவாயி இல்லை. விரிப்பில் பள்ளம் மட்டும் சின்னதாகியிருந்தது.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். "சுத்தி நடக்குறாங்க, யாரோ டென்ட்டைச் சுத்திச் சுத்தி நடக்குறாங்க" என்றார். பிறகு கம்பளியை என் கையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏழு கிலோமீட்டர் பாதையில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். சப்பாத்து இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒன்பதாம் நம்பர்.

ஆக, ஒரு ஆள் கூடாரத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும், புது ஆள் போனால்தான் பழைய ஆள் வெளியே வரலாம் என்பது ஊருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் அதிகம் ஆச்சரியப்படவில்லை; அடுத்து யார் போவது என்பதில்தான் பேச்சு இரண்டு நாள் ஓடியது. காரணம் தலைக்கட்டு.

கல்யாணமான ஆண் உள்ள வீடு எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு; தகப்பனோடு இருந்தாலும் கல்யாணமான மகன் தனி வீடாகத்தான் கணக்கு. கோயில் கிடாவெட்டில் கறிப்பங்கு, வாய்க்கால் தண்ணீர், பீன்ஸ் காட்டில் பன்றி விரட்டப் பரண்காவல், எல்லாம் தலைக்கட்டுக்கு ஒரு முறை. கல்யாணம் ஆன வரிசையில் பெயர் ஏறும், ஆள் செத்தால் பெயர் அடிபடும். அந்த முறைநோட்டை முப்பத்திரண்டு வருஷமாக நான் வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரை படித்தவன், எழுத்து நேராக இருக்கும் என்று கொடுத்தார்கள். பூவாயியின் புருஷன் இறந்து பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. அவன் பெயரை அடித்ததும் நான்தான். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது அவள் எங்கள் வாசற்படிக்குக் கீழே இடதுபக்கமாக வந்து நின்று, "மாமா, என் பேரை ஏத்துங்க, நானும் ஒரு வீடுதானே" என்பாள். விதியில் இல்லை என்று நான் உள்ளிருந்தே சொல்வேன். அவள் போய்விடுவாள், மறு மாதம் வருவாள்.

இப்போது, நோட்டில் இல்லாத ஒருத்தி உள்ளே இருக்கிறாள், நோட்டில் உள்ள எந்த வீட்டுக்கு அவளை மீட்கும் பொறுப்பு?

"அவளுக்கு யாரு இருக்கா, அங்கனயே இருக்கட்டுமே" என்றார் ஒருவர்.

"இருக்கட்டும். டீ யாரு போடுவா?" என்றான் மொக்கையன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது கொஞ்சம் அசிங்கமாக இருந்ததால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது தலைவர் கொப்பையன், முதல் தலைக்கட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பரண்காவல் மாதிரிதான். வீட்டுக்கு ஒரு நாள், விடியலுக்கு விடியல். நோட்டுக்காரரே, எழுதுங்க. மொத நாள் நான்."

மார்கழி பதினைந்தாம் தேதி விடியலில் கொப்பையன் உள்ளே போனார், பூவாயி வெளியே வந்தாள். இரண்டு நாள் உள்ளே இருந்தவள், நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கம்பளியை நான் கொடுத்தேன். உள்ளே என்ன என்று கேட்டேன். "நடக்குது மாமா. வீடு தெரியாம அலையுறவுக நடக்குற மாதிரி நடக்குது" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு ஊர் அந்தக் கூடாரத்தை ஏற்றுக்கொண்டது. அது மலிவான கூடாரம், மலை வெயிலுக்கும் பனிக்கும் ஆனதல்ல. ஆறாம் நாள் ஒரு வளைகுச்சி விரிசல் விட்டது, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினோம். ஒன்பதாம் நாள் தையல் வழியே நீர் இறங்கியது, மேலே புல்கொட்டகை போட்டோம். பதினோராம் நாள், கிழித்தே பார்த்துவிடலாம் என்று ஒருவன் அரிவாள் நுனியை மூன்று விரற்கடை ஓட்டினான். மறுநாள் வெளியே வந்த ஆளின் முன்கையில் மூன்று விரற்கடைக்குக் காயம் இருந்தது. அன்றைக்கே அரிவாள்காரனின் மனைவி துணி கிழிந்த இடத்தை நுணுக்கமாகத் தைத்தாள், காயமும் ஆறியது. பிறகு யாரும் அதன் பக்கம் இரும்பு கொண்டுபோகவில்லை. பெண்கள் சுற்றிலும் பெருக்கிக் கோலம் போட்டார்கள், ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள், உள்ளே போகிறவனுக்கு முதல் நாள் இரவு கோழி அடித்தார்கள். வெளியே வருகிறவன் முதலில் பூவாயி கடையில் டீ குடிக்க வேண்டும் என்பதும் எப்படியோ வழக்கமாகிவிட்டது. "பொண்டாட்டி தொல்லை இல்லாம ஒரு நாள் படுத்தேன்" என்று மொக்கையன் சொன்னான், சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்து நேராகப் பொண்டாட்டியைத் தேடிப் போனான்.

எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். உள்ளே போனதும் ஜிப் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விடும், கத்தினால் துணிக்கு அப்பால் கேட்காது, வெளியே உள்ளவர்கள் பேச்சும் உள்ளே வராது, ஒன்றே ஒன்றுதான் கேட்கும், கூடாரத்தைச் சுற்றி யாரோ நடப்பது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் சுற்றுகளை எண்ணினார்கள். நான் நோட்டில் பெயருக்கு எதிரே அந்த எண்ணிக்கையையும் எழுதிவைத்தேன், எழுத இடம் இருந்தது என்பதால்.

தை இரண்டாம் தேதி, பதினேழாவது தலைக்கட்டு, நான் போனேன்.

உள்ளே வெளிச்சம் பாசிக் குளத்துக்கு அடியில் இருப்பது போல் இருந்தது. என் மூச்சே துணியில் துளியாகக் கட்டி நெற்றியில் சொட்டியது. உட்கார்ந்தால் தலை இடித்தது, திரும்பிப் படுத்தால் தோள் இடித்தது. பத்து நிமிஷத்தில் நடை தொடங்கியது. கனமான ஆளும் இல்லை, லேசான ஆளும் இல்லை; வலது கால் ஒரு அரைத் தாளம் பிந்தி வைக்கும் நடை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில், என் தலைமாட்டில், நின்றது. நின்று, கேட்டது. என்ன கேட்டது என்றால், வார்த்தை எதுவும் இல்லை, நான் மூச்சுவிடுவதைக் கேட்டது. நான் மூச்சை அடக்கினால் நான் விடும்வரை நின்றது, விட்டதும் நடந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது, பன்றியும் காட்டுமாடும் பார்த்தவன். வேட்டியை வாயில் திணித்துக்கொண்டு எண்ணினேன். விடியும்வரை இருநூற்று நாற்பது சுற்று.

வெளியே வந்து, டீ குடித்து, நோட்டைத் திறந்து எழுதியபோதுதான் வரிசையாகப் பார்த்தேன். கொப்பையன் நானூறு. அடுத்தவர் முந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்தவர் முந்நூற்று எண்பது. பதினேழு பேர் வரைக்கும் ஆளுக்குப் பத்தாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அது கூடுதல் நேரம் நிற்கிறது, கூடுதல் கிட்டத்தில் வருகிறது, அதனால் சுற்று குறைகிறது. இருநூற்று நாற்பதைப் பத்தால் வகுத்தேன். அந்த வருஷம் மார்கழிக்கு இருபத்தொன்பது நாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் தை இருபத்தாறு, நாற்பத்தொன்றாவது நாள், சைபர். அன்றைக்கு அது நடக்காது. அன்றைக்கு அது உள்ளே வரும், ஒருவருக்கு மட்டும் இடம் உள்ள கூடாரத்துக்குள்.

நாற்பத்தொன்றாவது தலைக்கட்டு தவசி, என் மகன். கல்யாணம் ஆகி எட்டு மாதம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள், உள்ளே இருக்கிறவர் உள்ளேயே இருப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் மகனுக்குப் பதில் நான் போயிருக்கலாம், அதற்கு விதி உண்டு, தகப்பன் மகனுக்காகப் பரண் ஏறலாம். பதினெட்டு நாள் அதை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வெளியே வருகிறவன் சொன்ன எண்ணை எழுதும்போது, நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். நூற்றைம்பது சொன்னவன், துணி அவன் பக்கமாக அழுந்தியது என்றான். நூறு சொன்னவன், காதுக்கருகே மோப்பம் பிடித்தது என்றான். எழுபது சொன்னவனுக்கு மீசை ஒரு பக்கம் நரைத்திருந்தது. அதற்குப் பிறகு, நான் போகமாட்டேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

தை இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பூவாயியிடம் போனேன்.

"உன் பேரை ஏத்திட்டேன்" என்றேன்.

வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "பதினாலு வருஷமா ஏறாத பேரு, இன்னைக்கு எப்படி மாமா ஏறுச்சு?"

"உள்ள ரெண்டு நாள் இருந்திருக்க. முறை செஞ்ச வீடு தலைக்கட்டுதான். கொப்பையன்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டார்."

"எத்தனாவது?"

"நாப்பத்தொண்ணு."

"அது நம்ம தவசியில்ல?"

"நாப்பது வரைக்கும் ஆளுக்கு நாள் சொல்லியாச்சு. மிச்சம் அவன் ஒருத்தன்தான், உன் கல்யாணம் அவன் கல்யாணத்துக்கு முந்தி. வரிசைப்படி நீ முந்தி. அவன் நாப்பத்திரண்டு."

விதிப்படி அது சரி. இன்றைக்கும் யாராவது நோட்டை வாங்கிப் பார்க்கலாம், ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. அவள் எனக்கு டீ ஆற்றினாள், வழக்கத்தைவிட அதிக நேரம் ஆற்றினாள். தினமும் காலையில் வெளியே வருகிறவன் முதலில் அவள் கடையில்தான் உட்காருகிறான், முதலில் அவளிடம்தான் எண்ணிக்கையைச் சொல்கிறான் என்பது எனக்கு அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது.

"இன்னைக்கு வந்தவரு எழுபதுன்னாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"மாசிக் கிடாவெட்டுல எனக்கும் ஒரு பங்கு வருமில்ல மாமா? கூறு போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு?"

"வரும்."

"அது போதும்" என்றாள். "டீ ஆறுது, குடிங்க."

நான் குடித்தேன். குடித்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தை இருபத்தாறாம் தேதி விடியலில் பூவாயி மஞ்சள் பூசிக் குளித்து, கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். தவசி அவளைப் பார்த்து, "அத்தே, பயமாருந்தா நான் போறேன், ஒரு நாள் முன்னப்பின்ன என்ன இருக்கு" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"உன் முறை நாளைக்குடா. இன்னைக்கு என் பேரு" என்று சொல்லி அவள் உள்ளே தவழ்ந்தாள். வெளியே வந்த நாற்பதாவது ஆள் வீரசின்னுவால் நடக்க முடியவில்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "பத்து. பத்தே சுத்து. அப்புறம் ஜிப்புல கைய வச்சுது. உள்ளங்கை தெரிஞ்சுது, விரல் எண்ணினேன்" என்றான். எத்தனை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு டீ போட ஆள் இல்லை.

அன்று முழுக்கக் கூடாரத்துக்கு நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். துணி எழவும் இல்லை, தணியவும் இல்லை. ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், உள்ளே இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தது போல் பக்கங்கள் புடைத்தன, மூங்கில் சிம்பு முறுகியது, பிறகு தளர்ந்தது.

மறுநாள் விடியலில் ஊரே கூடியிருந்தது. தவசி வாசலில் முட்டி போட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன், பிடித்திருந்தது எனக்கே தெரியாது. அவன் கை ஜிப்பைத் தொடுமுன் அது உள்ளிருந்து திறந்தது. பூவாயி தவழ்ந்து வந்தாள், எழுந்து, கம்பளியை உதறி நாலாக மடித்தாள். அவளுக்குப் பின்னால் வளைகுச்சி நழுவியது, துணி ஈரத் துண்டு போலப் புல்லில் படுத்தது. அவளுக்குப் பதிலாக ஒருவரும் உள்ளே போகவில்லை. எட்டு முளையையும் பிடுங்கி, துணியைத் தூக்கி எல்லோரும் பார்த்தோம். கீழே புல் மட்டும் வெளுத்திருந்தது, ஒரு ஆள் நீளத்துக்கு.

பெண்கள் குலவை போட்டார்கள். கொப்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்கினேன்" என்றாள். அடுப்பைப் பற்றவைக்கப் போகும் வழியில் என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"நேத்து அது நடக்கல மாமா. உள்ள தலைய நீட்டி, இடம் இருக்கான்னு கேட்டுச்சு. இது ஒரு ஆளுக்கு உள்ளதுன்னேன். எல்லாரும் இதத்தான் சொல்றாங்கன்னுச்சு. பாவமாப் போச்சு. இந்த ஊர்ல இடம் வேணும்னா மொதல்ல நோட்டுல பேரு ஏறணும், நோட்டுக்காரர் வீடு தெக்கால மூணாவது, நீலக் கதவுன்னு அடையாளம் சொன்னேன். உடனே ஏத்த மாட்டாரு, நான் பதினாலு வருஷம் சுத்துனேன், நீயும் சுத்துன்னேன்."

"பேரு கேட்டியா?" என்றேன்.

"நீங்க கேப்பீங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று தை இருபத்தேழு. முற்பகலில் நெல் அளந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டைச் சுற்றி நடை கேட்டது, வலது கால் அரைத் தாளம் பிந்தி. மகனுக்கும் மருமகள் செண்பகத்துக்கும் கேட்கவில்லை. மறு விடியலுக்குள் நானூறு சுற்று. அடுத்த நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. மாசியில் மூன்று நாள் வத்தலக்குண்டில் மகள் வீட்டில் தங்கிப் பார்த்தேன்; அங்கேயும் ஓடுகிற பஸ் சத்தத்துக்கு நடுவே நடந்தது, ஒரு எண்கூட விடுபடவில்லை. கிடாவெட்டில் நாற்பத்திரண்டு கூறு போட்டேன், "பூவாயி" என்று நானே கூப்பிட்டேன், அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் பால் கொண்டுவந்த பூவாயி எங்கள் முற்றத்தில் சட்டென்று ஒதுங்கி, எதிரே வருகிறவருக்கு வழி விடுவது போல நின்று, பிறகு நடந்தாள்.

இன்று பங்குனி எட்டு. நேற்று பத்து சுற்று, நீலக் கதவில் ஒரு கை. இன்று விடிந்ததிலிருந்து நடை இல்லை. தவசியையும் செண்பகத்தையும் பீன்ஸ் பறிக்க அனுப்பிவிட்டேன். நோட்டை எடுத்து நாற்பத்து மூன்று என்று எழுதிப் புள்ளி வைத்து, பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. வாசற்படிக்குக் கீழே, இடதுபக்கம், பூவாயி பதினாலு வருஷம் நின்ற அதே இடத்தில் அது நிற்கிறது. நான் மூச்சை அடக்கினால் நிற்கிறது, விட்டாலும் நிற்கிறது. அவளை ஒரு தடவைகூட நான் உள்ளே கூப்பிட்டதில்லை.

பேனா மூடியைக் கழற்றினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உள்ள வாங்க" என்றேன். "பேரு சொல்லுங்க."